முந்நூற்றுப் பத்து கிராம்

வெருலம். காலை ஏழரை.
பூபாலன் மூட்லியின் மசாலா மில்லில்
கறுத்துப்போன பெட்டிக்கு முன்னால் நின்று
தும்முகிறேன்.
சிபுசிசோ ஏணியைப் பிடித்தபடி தும்முகிறான்.
இங்கே சுவர்கூட மிளகாய்தான்.

நேற்றிரவு லோட்ஷெட்டிங் முடிந்து
நான்கு மணிநேர இருட்டைக் கிழித்து மின்சாரம் வந்தபோது
அரவை மோட்டாருக்குள்
ஒரு சுருள் இன்னொரு சுருளைத் தொட்டிருக்கிறது.
பிரேக்கர் விழுந்தது. அது சரி.
விழுந்த பிறகும் எரிந்தது.
பெட்டியருகே தேவகி மாட்டியிருந்த கார்டிகனில்
ஒரு கை இல்லை.
தேவகி அப்போது பிளாஸ்கில் தேநீர் நிரப்பப் போயிருந்தாள்.

மின்சாரத்தை நிறுத்துவது
குழாயை மூடுவதுபோல என்று நினைக்கிறார்கள்.
இரண்டு வெள்ளி முனைகளைப் பிரித்துப் பாருங்கள்,
பிரியாது.
கடைசியாக ஒட்டியிருந்த புள்ளி கொதித்து ஆவியாகும்.
அந்த ஆவியின்மேல் நடந்து
மறுகரைக்குப் போய்விடும்.
நாம் வெட்டிய பள்ளத்தையே
பாலமாக்கிக்கொள்ளும் பிடிவாதம்.
மின்வில் என்று பெயர்.
நாண் இல்லை, அம்பு இல்லை, வளைவு மட்டும்,
கண்ணால் பார்த்தால் கண் போகும் வெள்ளை.

அதை அணைக்க ஊதிப் பயனில்லை.
அதன் சொந்தக் காந்தமே அதைப் பிடரியில் தள்ளுகிறது,
மேலே, இன்னும் மேலே,
ஒன்பது எஃகுத் தகடுகள் அடுக்கிய சந்துக்குள்.
அங்கே ஒரு வில் பத்தாக ஒடிகிறது.
பத்துத் துண்டுக்கும் பத்துச் சாவடி.
தோங்காட் சுங்கத்தில் கார்கள் நிற்பதுபோல நிற்க வேண்டும்:
இங்கே இருபது வோல்ட் எடு,
அங்கே இருபது வோல்ட் எடு.
சில்லறை தீர்ந்துபோகிறது.

வினாடிக்கு நூறுமுறை
மின்னோட்டம் தானாகவே பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும்.
யாரும் சொல்லாமல், யாருக்கும் அஞ்சாமல்.
அந்த ஒரு தொடுதலில்
தகடுகள் சூட்டை வாங்கி ஆறியிருந்தால் போதும்,
மறுபடி எழ அதற்குக் காற்றில்லை.

அணைத்தல்.
என் தமிழ் சர்ச் ஸ்ட்ரீட் விளம்பரப் பலகை அளவுதான்.
ஆனாலும் இந்த ஒரு சொல்
இரண்டு வேலையையும் ஏன் செய்கிறது என்று
தகடுகளைக் கழுவும்போதெல்லாம் தெரிகிறது.
இறுகப் பிடித்துத்தான் அவிக்க முடியும்.

பெட்டியின் ரிவிட்டை அறுத்துத் திறந்தேன்.
முதல் அறை: மூன்று தகடு.
இரண்டாவது: மூன்று.
மூன்றாவது அறையில் இரண்டுதான்,
ஒன்று செய்தவன் கைதவறி விட்டது போலிருக்கிறது.
மீதி எல்லாம் காலி.
வெளியே மட்டும் எல்லாம் சரி:
ஸ்டிக்கர், முத்திரை, நூறு ஆம்பியர் என்ற எழுத்து.

பூபாலன் பேசவில்லை.
மல்லி நிறுக்கும் தராசைத் துடைத்தார்.
என் வண்டியிலிருந்த அசலை வைத்தார். எண்ணூற்று இருபது.
எரிந்ததை வைத்தார். ஐந்நூற்றுப் பத்து.
"முந்நூற்று நாற்பது ரேண்ட் குறைவு என்று வாங்கினேன்,"
என்றார்.

பிறகு:
"மிளகாயில் செங்கல்பொடி கலந்தால்
மூடிய மூட்டையிலேயே எனக்குத் தெரியும்.
இதற்கு வாசமே இல்லையே."

இருந்தது. நேற்றிரவு.
கம்பளியும் பேக்கலைட்டும் கருகிய வாசம்.
அதை நான் சொல்லவில்லை.
தேவகி ஒற்றைக் கை கார்டிகனை மடித்து
பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்,
கம்பளி கிடைத்தால் பின்னிவிடலாம் என்று.

புதியதைப் பூட்டிச்
சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
டக்.
அவ்வளவு சின்னச் சத்தம்.
சிபுசிசோ மட்டும் தலையாட்டினான்,
தேவகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோட்டார் இன்னும் ஊமைதான், சுருள் கட்டப் போக வேண்டும்.
கூரையிடுக்கில் வெயில் நுழைந்து
மிளகாய்த்தூள் அதில் சிவப்பாக மிதக்கிறது.
நான் மறுபடி தும்மினேன்.
தராசின் முள் லேசாக ஆடியது.